கியாரி ஆபரேஷனுக்கு எப்படித் தயாராவது, தேறி வர எவ்வளவு காலம் ஆகும்?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. கியாரி குறைபாடு, கூடவே தண்டுவடத்துக்குள் நீர் தேங்கியிருக்கிறது, தலையின் பின்பக்கம் எலும்பை எடுத்து அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஷன் ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் பழைய பெரிய வீடு, கூட்டுக் குடும்பம். எப்படித் தயார் செய்வது? எப்போது பழையபடி ஆவாள்? பேசி வைத்திருக்கும் கல்யாணத்தை என்ன செய்வது?

பதில்:

எனக்கு இதே ஆபரேஷன் நடந்து சில வருஷம் ஆகிறது. எனக்கும் தண்டுவடத்தில் நீர் இருந்தது. ஊர் பள்ளத்தூர், ஆபரேஷன் மதுரையில். நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு, எப்போது என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: தியேட்டருக்குள் நடப்பதைப் பற்றி வீட்டில் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், டிஸ்சார்ஜ் ஆகி வந்தபின் வரும் ஆறேழு வாரத்துக்கு யாரும் தயாராவதில்லை. அந்த வாரங்களுக்குத்தான் இப்போதே தயாராக வேண்டும்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மூளை ஆபரேஷன் என்றதும் எங்கள் வீட்டிலும் அழுகைதான். இதில் பொதுவாக மூளைக்குள் இருந்து எதையும் வெட்டி எடுப்பதில்லை. சிறுமூளையின் கீழ்நுனி, மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்குகிற துளைக்குள் சரிந்து நிற்பதுதான் பிரச்சினை. பொதுவாக 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் கியாரி முதல் வகை என்கிறார்கள். 1891-ல் ஹான்ஸ் கியாரி என்ற ஆஸ்திரிய நோயியல் மருத்துவர் விவரித்ததால் அந்தப் பெயர். நுனி அங்கே அடைத்து நிற்பதால் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடுகிற நீர் தடைபடுகிறது. இருமினால், தும்மினால், முக்கினால் பின்மண்டையில் சுரீரென்று வலி ஏறும். சிலருக்கு நீர் தண்டுவடத்துக்குள்ளேயே புகுந்து குழியாகத் தேங்கிவிடும், அதைத்தான் சிரிங்ஸ் என்கிறார்கள். கண்மாய் மடை அடைத்துக்கொண்டால் மடையை அகலப்படுத்துவோமே, ஆபரேஷனும் அதுதான்.

சிரிங்ஸ் இருப்பவர்களில் சிலருக்குச் சூடும் வலியும் உறைக்காமல் போகும், தொட்டால் தொட்டது மட்டும் தெரியும். எனக்கு அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பணியாரக் கல்லின் விளிம்பில் இடது கை விரல்கள் பட்டு, தோல் வெந்து வெளுத்திருந்தது. நான் பாட்டுக்கு அடுத்த ஈடு ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தை பார்த்துப் பதறிக் கையைத் தட்டிவிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. உங்கள் தங்கையின் கைகளை நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். தெரியாமல் பட்ட சூட்டுத் தழும்பு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் கியாரி தெரிகிற எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. தொந்தரவே இல்லாதவர்களைக் கண்காணிப்பில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் சிரிங்ஸோடு தொந்தரவும் இருந்தால் காலம் கடத்துவது நல்லதில்லை, தண்டுவடத்தில் ஏற்படுகிற சேதம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். இன்னொரு நரம்பியல் அறுவை மருத்துவரிடமும் கருத்துக் கேட்க விரும்பினால் தாராளமாகக் கேளுங்கள், அதையும் சீக்கிரமே செய்துவிடுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். இவளுக்கு இருக்கும் தொந்தரவுகளில் எது போகும், எது குறையும், எது அப்படியே நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இருமினால் வருகிற தலைவலிதான் பெரும்பாலும் நன்றாகக் குறையும். நாள்பட்ட மரப்பு அப்படி இல்லை. மேலும் மோசமாகாமல் நிறுத்துவதுதான் ஆபரேஷனின் முதல் நோக்கம். இது முன்னாலேயே தெரிந்தால் பின்னால் மனசு உடையாது. எலும்பை மட்டும் எடுப்பார்களா, மூளையைச் சுற்றியிருக்கும் டியூரா உறையையும் திறந்து ஒட்டுப் போட்டு விரிப்பார்களா என்றும் கேளுங்கள். உறையைத் திறந்தால் நீர் கசிகிற வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதனால் பின்னால் என்ன கவனிக்க வேண்டும் என்பதும் மாறும்.

தியேட்டரில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழு மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்து, தலை அசையாமல் இருக்க ஒரு கவ்வியில் பிடிப்பார்கள். அதன் ஊசிமுனைகள் பதிந்த சின்னப் புண்கள் நெற்றியோரம் இருக்கும், பார்த்துப் பயப்படாதீர்கள். பின்மண்டை எலும்பில் ஒரு சிறு பகுதியையும், வழக்கமாகக் கழுத்தின் முதல் எலும்பின் பின்வளைவையும் எடுப்பார்கள். சில மணி நேரம் ஆகும். முடியைப் பின்பக்கம் மட்டும்தான் மழிப்பது வழக்கம், மேல்முடியை இறக்கிவிட்டால் மறைந்துவிடும். எங்கள் வீட்டில் குன்றக்குடி முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டார்கள். அப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் காயம் முழுக்க ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு செய்யுங்கள்.

சாப்பிடுகிற எல்லா மருந்தையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். லேகியம், சூரணம், கடையில் வாங்குகிற வலி மாத்திரை எல்லாமே சேர்த்தி. ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்குகிற மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தள்ளிவைப்பதே நல்லது. மூன்று பந்து ஏறுகிற மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்னாலேயே வாங்கி, டாக்டர் சொன்னபடி பழகிக்கொண்டால் பின்னால் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க உதவும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, இந்த ஆபரேஷனுக்கு அனுமதி கிடைக்குமா என்று அட்மிட் ஆவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

இனி வீடு. நம் பக்கத்து வீடுகள் அழகுதான், ஆனால் கழுத்தைத் திருப்ப முடியாத ஒருத்திக்குச் சுலபமான இடம் இல்லை. தெருப்படி, முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு என்று நடந்து, ஒவ்வொரு கட்டிலும் நிலைப்படி தாண்டி, கொல்லைப்புறம் போனால்தான் கழிப்பறை. குனிந்து காலைப் பார்க்க முடியாதபோது ஒவ்வொரு நிலைப்படியும் தடுக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் துளி ஈரம் இருந்தாலும் வழுக்கும். அதனால் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே, படி இல்லாத ஓர் அறையை அவளுக்கு ஒதுக்குங்கள். பாயில் படுத்து எழுவது முடியாது, கட்டில் வேண்டும். உட்கார்ந்து போகிற கழிப்பறை இல்லை என்றால் மருந்துக் கடைகளில் நாற்காலிபோல் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுக்கச் சொன்னார்கள் என்றால் தலையணைகளைத் தோளுக்கும் அடியில் கொடுங்கள், தலைக்கு மட்டும் வைத்தால் கழுத்து மடங்கும். தலை வழியாக மாட்டுகிற உடுப்பு வேண்டாம், முன்னால் பட்டன் வைத்த நைட்டி தைத்துக்கொள்ளுங்கள். அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியாது, டம்ளரும் உறிஞ்சு குழலும் வேண்டும். கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு முக்காலி போட்டு மாத்திரை, போன், தண்ணீர் எல்லாவற்றையும் அதில் வையுங்கள்.

அடுப்படியையும் யோசியுங்கள். வற்றல் வறுக்கிற நெடி ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்கு வந்துவிடும். காயம் பச்சையாக இருக்கும்போது ஒரு தும்மல் வந்தால் உயிர் போகிற வலி. மல்லி, மிளகாய், சோம்பு எல்லாம் வறுத்து, ஒன்றிரண்டு மாதத்துக்கு வேண்டிய மசாலாவை ஆபரேஷனுக்கு முன்பே அரைத்து வைத்துவிடுங்கள். தாளிக்கும்போது அவள் அறைக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். தும்மல் வந்தால் அடக்கக் கூடாது, வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் முதல் இரவு பெரும்பாலும் ஐசியூவில்தான். குமட்டல் இருக்கும். வாந்தி வரும்வரை காத்திருக்காமல் குமட்டும்போதே நர்ஸிடம் சொல்லி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதிகமாக வலிக்கப்போவது கழுத்துத் தசை, ஏனென்றால் எலும்பைப் பார்க்கத் தசையைப் பிரித்துத்தான் போகிறார்கள். முதல் வாரம் கடுமை. வலி மாத்திரையை, வலி ஏறிய பிறகு போடாமல், சொன்ன நேரத்துக்குப் போட்டால் சமாளிக்கலாம். எழும்போது தலையை மட்டும் தூக்கக் கூடாது. உடம்பு மொத்தமும் ஒன்றாக ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டுக் கட்டிலில் பழகச் சொல்லுங்கள்.

யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம் மலச்சிக்கல். வலி மருந்துகளில் சில அதைக் கொண்டுவரும், முக்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். முதல் நாளிலிருந்தே டாக்டரிடம் கேட்டு மருந்து வாங்குங்கள். கீரை, பப்பாளி, நிறையத் தண்ணீர் கொடுங்கள். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிடாதீர்கள், காயம் ஆறப் புரதம் வேண்டும். எங்கள் அப்பத்தா ஆட்டு மூளை வறுத்துக் கொடுத்தார்கள். சாப்பிடலாம், ருசிக்குத்தான். ஆற்றுகிற வேலையை உடம்பு தானாகச் செய்துகொள்ளும். காயத்தில் எண்ணெய், மஞ்சள், பற்று எதுவும் படக் கூடாது. எண்ணெய்க் குளியலை டாக்டர் சொல்லும்வரை மறந்துவிடுங்கள்.

இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: காயத்திலிருந்து தெளிந்த நீர் கசிந்தாலோ, தலையணை உறை காரணமில்லாமல் நனைந்திருந்தாலோ, மூக்கில் தண்ணீராக ஒழுகினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். வேர்வை என்று துடைத்துவிட்டு இருக்காதீர்கள், அது மூளையைச் சுற்றிய நீராக இருக்கலாம். காயத்துக்கு அடியில் புடைத்துக்கொண்டு வருவது, உட்கார்ந்தால் தலைவலி ஏறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, அளவுக்கு மீறிய தூக்கம், புதிதாகக் கை கால் பலவீனம், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் எதுவானாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். மதுரையும் திருச்சியும் நமக்கு எட்டிப்போகிற தூரம் இல்லை, அதனால் ராத்திரி எந்த வண்டி, யார் ஓட்டுவார் என்பதையும் முன்னாலேயே பேசி வையுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் விஷயத்திலும் உறுதியாக இருங்கள். நம் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களை விசாரிக்காமல் இருந்தால் குறையாகிவிடும், அது அன்புதான். ஆனால் ஒவ்வொருவரிடமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கதை சொல்வது பெரிய வேலை, சளியோடு வருகிறவர்களால் ஆபத்தும் உண்டு. ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்ல ஒருவரை நியமியுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் சின்னத்தை எடுத்துக்கொண்டார், யாருக்கும் மனவருத்தம் வராமல் பேசினார்.

தையலைப் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாளுக்குள் எடுப்பார்கள். தண்ணீர்க் குடம், குழந்தை, சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. குனிந்து கோலம் போடுவதும் வேண்டாம். நடை மட்டும் தினமும் உண்டு, வளவைச் சுற்றி நடந்தாலே போதும். நான்கு முதல் ஆறு வாரத்தில் சின்ன வேலைகள் வரும், அசதி பல மாதம்கூட இருக்கும். நன்றாக இருந்த நாளில் நிறைய வேலை பார்த்துவிட்டால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். காரணமே இல்லாமல் அழுகை வரும், நானும் அழுதேன். திட்டாதீர்கள், பக்கத்தில் இருங்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காருவதற்கும் டாக்டர் அனுமதி வேண்டும். ஆனால் கழுத்தில் நெட்டி எடுப்பது, சுளுக்கு எடுப்பது, வர்மம், சிரசாசனம் இவற்றுக்கு எத்தனை வருஷம் ஆனாலும் போகக் கூடாது. என்னிடம் கேட்டால், ஆபரேஷனுக்கு முன்பும் கூடாது.

தண்டுவட நீர் வற்ற மாதக்கணக்கில் ஆகும், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு நீர் நன்றாகச் சுருங்கிவிட்டது, இருமல் தலைவலி போயே போய்விட்டது. இடது கை விரல்களில் சூடு இன்னும் சரியாகத் தெரியாது. குளிக்கிற தண்ணீரை வலது கையால் தொட்டுப் பார்க்கிறேன், அடுப்பில் பிடிதுணி இல்லாமல் எதையும் எடுப்பதில்லை.

கல்யாணம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம். இது தொற்று நோய் இல்லை, பிள்ளை பெற முடியாத நிலையும் இல்லை. எனக்கு மகள் பிறந்தது இந்த ஆபரேஷனுக்குப் பிறகுதான். கர்ப்பமானதும் நரம்பியல் அறுவை மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் கலந்து பேசி, பிரசவத்தையும் மயக்க மருந்தையும் எப்படி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வார்கள். மாப்பிள்ளை வீட்டாரில் புரிந்துகொள்கிற ஒருவரை அடுத்த முறை டாக்டரிடமே கூட்டிப் போங்கள், அவர்களுக்கு இருக்கிற சந்தேகத்தை அங்கேயே கேட்கட்டும். முகூர்த்தம் மட்டும் ஆபரேஷனுக்குப் பிந்தைய ஸ்கேன் பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகு குறியுங்கள். தாலி கட்டுகிற அன்று நாள் முழுக்க நின்று, குனிந்து, ஒவ்வொரு பெரியவர் காலிலும் விழுந்து எழ வேண்டியிருக்கும், அதற்கு அந்தக் கழுத்து தயாராகியிருக்க வேண்டும்.