ஸ்காபா ஃப்ளோவில் இறங்கும் முன்

கேள்வி: மாலத்தீவில் ஸ்கூபா கற்று, 18 மீட்டர் வரை இறங்கச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். ஸ்காட்லாந்துக் கடலடியில் முதல் உலகப் போர்க் கப்பல்கள் கிடக்கின்றனவாமே, போய்ப் பார்க்கலாமா? ஞாபகமாக ஏதாவது சின்னத் துண்டு எடுத்து வரலாமா?
- ஒரு வாசகர், லண்டன்

பதில்: கட்டாயம் பாருங்கள், ஆனால் இந்த வருடமே வேண்டாம். துண்டு எடுக்கும் எண்ணத்தை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்பது ஆர்க்னித் தீவுகளின் நடுவே இருக்கும் ஸ்காபா ஃப்ளோ என்ற கடற்பரப்பு. போர்நிறுத்த ஒப்பந்தப்படி அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஜெர்மன் கடற்படையை, எதிரி கைக்குப் போய்விடக்கூடாது என்று 1919 ஜூன் 21 அன்று அதன் தளபதி அட்மிரல் ஃபோன் ராய்ட்டரே மூழ்கடிக்கச் சொன்னார். 74 கப்பல்களில் 52 மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பிறகு பழைய இரும்புக்காகத் தூக்கிவிட்டார்கள், இன்று முக்கியமாக மிஞ்சியிருப்பவை ஏழு.

அங்கே கோடையிலும் தண்ணீர் 13, 14 டிகிரியைத் தாண்டுவது அரிது. அதனால் டிரை சூட் வேண்டும், உங்கள் பயிற்சியில் இல்லாத விஷயம் அதுதான். கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாதபடி இறுக்கிப் பிடிக்கும் உடை அது; கீழே போகப் போக உடை உடம்பை நெருக்கும், அதனால் சிலிண்டரிலிருந்து உடைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட வேண்டும், மேலே வரும்போது அதே காற்று விரியும், தோளருகே உள்ள வால்வைத் திறந்து வெளியேற்றிக்கொண்டே வர வேண்டும். அந்தக் காற்று கால் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் தலைகீழாகிவிடுவீர்கள், நிதானம் தவறி வேகமாக மேலே போனால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டிவிடும். இதை ஏதாவது ஏரியில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரும் குளிர்நீருக்கென்று செய்ததாக இருக்கட்டும், சாதாரணமானது உள்ளே உறைந்து காற்றைக் கொட்டத் தொடங்கலாம். தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஒரு கொக்கியைக் கழற்றிப் பாருங்கள், அது எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறம், 30 மீட்டர் வரைக்கான சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஏழிலும் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கும் கார்ல்ஸ்ரூவே என்ற கப்பலைப் பாருங்கள், அங்கே தரை சுமார் 26 மீட்டரில். சிதைந்துதான் கிடக்கிறது, ஆனாலும் இரும்பெல்லாம் கடல்சாமந்தி மூடி அழகாக இருக்கும். மார்க்கிராஃப் போன்ற பெரிய போர்க்கப்பல்கள் 45 மீட்டரில் கவிழ்ந்து கிடக்கின்றன, அவை அனுபவசாலிகளுக்கு. எந்தக் கப்பலானாலும் உள்ளே நுழையாதீர்கள்.

இந்த ஏழும் 2001 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள், ஓர் ஆணியை எடுத்தாலும் குற்றம். அதே நீர்ப்பரப்பில், 1939 அக்டோபரில் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கிய பிரிட்டிஷ் கப்பல் ராயல் ஓக்கும் இருக்கிறது. 800க்கும் மேற்பட்டவர்கள் இறந்த போர்க்கல்லறை அது, பொழுதுபோக்குக்காக அங்கே யாரும் இறங்கக்கூடாது. படகுக்காரர் அதன் பக்கம் போகமாட்டார், நீங்களும் கேட்காதீர்கள்.