கேம் திக்குதா? கேளுங்க

வேலூர் சத்துவாச்சாரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். கேம் தடங்கல் பத்தி வந்த கேள்விகளுக்குப் பதில் இது. ஃபிரேம்னா திரையில வரையுற ஒவ்வொரு படம்; 60 ஃபிரேம்னா செகண்டுக்கு 60 படம்.

குடியாத்தம் தம்பி: அண்ணா, பத்து நிமிஷம் 60 ஃபிரேம் வருது. அப்புறம் 25தான். கிராபிக்ஸ் செட்டிங் எல்லாத்தையும் லோவுல வெச்சும் அதே கதை.

முதல்ல நல்லா ஓடி அப்புறம் விழுதுன்னா, சூட்டைத்தான் முதல்ல சந்தேகப்படணும். சிப்பு ரொம்பச் சூடானா, தன்னைக் காப்பாத்திக்க அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். வீட்ல தறி ஓடுதா? போன மாசம் உங்க ஊர் கேபினெட் ஒண்ணைத் திறந்தேன். ஹீட்சிங்க், அதாவது சூட்டை இழுக்குற உலோகத் தகடு, அதோட இடுக்கு பூரா நூல் பஞ்சு, கம்பளி மாதிரி பத்தையா உரிஞ்சு வந்துச்சு. ஃபேன் சுத்துது, காத்து போக வழியில்ல! கரன்ட்டைப் பிடுங்கிட்டு, ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு, பிரஷ்ஷால தட்டு. அப்புறம் ஃபிரேமை 60-ல லாக் பண்ணு. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்னா, அதாவது செகண்டுக்கு 60 தடவைதான் படம் மாத்தும்னா, அதுக்கு மேல வரைஞ்சு என்ன புண்ணியம்? நம்ம ஊர் மே மாச வெயில்ல அந்தச் சூடு வேற எதுக்கு?

காட்பாடி ஹாஸ்டல்: தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், 8 ஜிபி ரேம். எதைக் குறைக்கலாம்?

மொதல்ல ஷேடோ, அதாவது நிழல். அல்ட்ராவுக்கும் மீடியத்துக்கும் ஓடும்போது வித்தியாசமே தெரியாது. அடுத்தது வால்யூமெட்ரிக், அதாவது காத்துல மிதக்குற புகை, மூடுபனி. அதுவும் பத்தலன்னா ரெசல்யூஷன்: 1080-ல ஒரு ஃபிரேமுக்கு 20.7 லட்சம் புள்ளி, 720-ல 9.2 லட்சம்தான். கேம்ல எஃப்எஸ்ஆர், அதாவது சின்னதா வரைஞ்சு பெருசாக்கிக் காட்டுற வசதி, இருந்தா அதைப் போடுங்க, என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் கார்டு தேவையில்ல. ரேம் ஒரே குச்சியா? இன்னொரு 8 ஜிபி போடுங்க. கிராபிக்ஸும் அதே ரேம்லதான் பிழைக்குது, ரெண்டு குச்சின்னா ரெண்டு வழி. சார்ஜர் சொருகாம விளையாடாதீங்க.

ராணிப்பேட்டை: 90 ஃபிரேம் காட்டுது, ஆனா திக்குதே சார்?

90ங்கிறது சராசரி. 60 ஃபிரேம்னாலே ஒண்ணுக்கு 16.7 மில்லி செகண்ட்தான். நடுவுல ஒண்ணு மட்டும் 80 எடுத்தா கண்ணு பிடிச்சிடும். 4 ஜிபி கார்டுல டெக்ஸ்சரை, அதாவது சுவர், தரை மேல ஒட்டுற படங்களை, அல்ட்ராவுல வெச்சிருக்கீங்களா? கார்டுல இடம் பத்தாம அது ரேமுக்கும் கார்டுக்கும் அலையும். மீடியத்துக்கு இறக்கி, கேமை மூடித் திறங்க.

ஆம்பூர்: ரெசல்யூஷன் குறைச்சும் ஒரு ஃபிரேம் ஏறலண்ணா.

அப்போ கார்டு சும்மா உக்காந்திருக்கு, பிராசசர்தான் திணறுது. கூட்டம், டிராஃபிக், தூரக் காட்சி இதையெல்லாம் குறைங்க. பின்னாடி திறந்திருக்கிற பிரவுசர் இருபது டேபையும் மூடுங்க.