ஆண்ட்ராய்டு போனில் மறைந்திருக்கும் செட்டிங்குகளை மாற்றினால் போன் வேகமாகுமா? ஆபத்து உண்டா?

கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். ஆபத்து எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் திரும்பி வர வழி வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடாதீர்கள்.

முதலில் எளிதானது. அபவுட் போன் பக்கத்தில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும் (2012-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல் இதை மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்). அதற்குள் விண்டோ அனிமேஷன், டிரான்சிஷன் அனிமேஷன், அனிமேட்டர் டியூரேஷன் என்று மூன்று வரிகள் இருக்கும், மூன்றையும் 1-லிருந்து 0.5 ஆக்குங்கள். பிராசசர் அதே பிராசசர்தான். ஒரு திரை நகர்ந்து அடுத்த திரை வரும் நேரம் பாதியாகிறது, பழைய போனில் அதுவே பெரிய நிம்மதி.

அடுத்தது இன்னும் உள்ளே இருப்பது. ஆண்ட்ராய்டு தன் செட்டிங்குகளை சிஸ்டம், செக்யூர், குளோபல் என்று மூன்று அட்டவணைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கணினியில் ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) போட்டு, போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும் யூஎஸ்பி டீபகிங்கை (அந்தக் கட்டளைகளைப் போன் ஏற்க அனுமதிக்கும் சுவிட்ச்) இயக்கி, கேபிளில் இணைத்தால் ரூட் செய்யாமலே, அதாவது போனின் முழுக் கட்டுப்பாட்டையும் உடைத்துத் திறக்காமலே, ‘செட்டிங்ஸ் புட்’ கட்டளையால் அவற்றில் எழுதலாம். செட்எடிட் மாதிரி ஆப்களும் இதே அட்டவணைகளைத்தான் திறந்து காட்டுகின்றன.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வீடியோவில் ஒருவர் ஒரு வரியைக் கொடுத்து, இதைச் சேர்த்தால் கேம் 120 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 120 படங்கள்) ஓடும் என்பார். நீங்களும் சேர்ப்பீர்கள், அதுவும் சமர்த்தாகச் சேமித்துக்கொள்ளும். நீங்களே சோதித்துப் பாருங்கள்: குளோபல் அட்டவணையில் ஆங்கில எழுத்தில் இட்லி என்று ஒரு பெயர் கொடுத்து 5 என்று எழுதுங்கள், அப்புறம் ‘செட்டிங்ஸ் கெட்’ போட்டால் 5 என்றே பதில் வரும். அந்தப் பெயரைப் படிக்கிற நிரல் போனுக்குள் எங்கும் இல்லாவிட்டால் அது வெறும் எழுத்துதான், ஒன்றும் நடக்காது. அதனால் மதிப்பு பதிவானதைப் பார்த்துவிட்டு வேலை செய்கிறது என்று நம்பாதீர்கள்.

பதிவானதும் உடனே வேலை செய்கிற கட்டளைகளும் உண்டு, என்னை மாட்டிவிட்டது அப்படி ஒன்றுதான். திரையில் இன்னும் கொஞ்சம் அதிகம் தெரியட்டும் என்று டபிள்யூஎம் டென்சிட்டியை (திரையில் எழுத்தும் ஐகானும் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சொல்லும் எண்) 420-லிருந்து 380 ஆக்கப் போனேன். 3 விழவில்லை, 80 போய்விட்டது. அதுவும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஏற்றுக்கொண்டது. எழுத்து ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி, ஐகான்கள் எல்லாம் கடுகு சிந்தின மாதிரி ஆகிவிட்டன. செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை, விரல் வைத்தால் ஒரே நேரத்தில் நாலு ஐகான் மேல் படுகிறது. நல்லவேளை, கேபிள் இன்னும் கணினியில்தான் இருந்தது. ‘டபிள்யூஎம் டென்சிட்டி ரீசெட்’ என்று அடித்ததும் பழையபடி வந்துவிட்டது. யூஎஸ்பி டீபகிங் அணைந்திருந்தால் அந்தக் கடுகுத் திரையில் தடவித் தடவித்தான் அதை இயக்கியிருக்க வேண்டும், முடியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட்தான், போட்டோவெல்லாம் போயிருக்கும்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? எதையும் தொடுவதற்கு முன் ‘செட்டிங்ஸ் லிஸ்ட்’ போட்டு மூன்று அட்டவணைகளையும் மூன்று கோப்புகளாகக் கணினியில் சேமித்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மதிப்பை மாற்றுங்கள், ஒருநாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தாறை ஒன்றாக மாற்றிவிட்டு எது பேட்டரியைத் தின்கிறது என்று தேடுவது பெரிய வேதனை.

அப்பா போனில் நான் மாற்றியது அந்த மூன்று அனிமேஷன் வரிகளை மட்டும்தான். யூஎஸ்பி டீபகிங்கையும் அணைத்துத்தான் கையில் கொடுத்தேன், அது இயக்கத்தில் இருந்தால் அவருடைய வங்கி ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது.