பிளஸ் டூ ஃபேர்வெல்லுக்குக் கோட் சூட் எடுக்கலாமா?

கேள்வி: "பாலக்கோடு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். பிப்ரவரியில் ஃபேர்வெல். அமெரிக்காவில் நடக்கும் ப்ராம் மாதிரி இந்த வருஷம் பசங்க எல்லாரும் பார்மல்ஸில் வரணும் என்று முடிவாகியிருக்கிறது. டக்ஸீடோ போடலாம் என்கிறான் நண்பன். வீட்டில் 4,000 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. கோட் சூட் வாங்குவதா, தைப்பதா, வாடகைக்கு எடுப்பதா?"

கோட் வாங்காதீங்க தம்பி. பேன்ட்டும் சட்டையும் உங்க அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். கோட் கட்டாயம் வேண்டும் என்றால் இரவலோ வாடகையோ போதும்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் அப்பா ஆண்கள் தையற்கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் என் வேலை. இப்போது ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறேன். ஆனாலும் தை, மாசி ஞாயிற்றுக்கிழமைகளில் அளவு நோட்டோடு நான்தான் கடையில் உட்காருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பதினேழு வயதில் உயரம் கிட்டத்தட்ட நின்றிருக்கலாம். தோளும் மார்பும் நிற்காது, இன்னும் இரண்டு மூன்று வருஷத்துக்கு விரியும். பேன்ட் என்றால் கீழே மடிப்பிலும் இடுப்பிலும் துணி விட்டுத் தைத்தால் பிறகு பிரித்து விட்டுக்கொள்ளலாம். கோட்டில் தோளை அப்படிப் பிரிக்க முடியாது. கோட் கையைக் கழற்றி, தோளுக்குள் வைத்திருக்கும் பஞ்சு பேடை எடுத்து, திரும்ப வெட்ட வேண்டும். அதற்குப் புதுசே தைக்கலாம். ஆக, இப்போது வாங்கும் கோட் காலேஜ் இரண்டாம் வருஷத்தில் அக்குளில் பிடிக்கும். தைத்த பேன்ட் சட்டை அப்படியில்லை. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் பலவற்றிலும் பார்மல்ஸ்தான் கட்டாயம், ஜூலை ஆகஸ்டில் அதையே போட்டுக்கொண்டு போய்விடலாம்.

டக்ஸீடோ வேண்டாம். அங்கே ப்ராம் என்பது ஏப்ரல், மே வாக்கில், பொழுது சாய்ந்தபின் ஹாலில் நடக்கிற நடன விருந்து. டக்ஸீடோவும் சாயங்கால விருந்துக்கென்றே உள்ள உடை: காலர் மடிப்பில் பளபளக்கிற சாட்டின், பேன்ட் ஓரத்தில் பட்டை, பெல்ட் கிடையாது, கழுத்தில் போ டை. அந்த ஊர்ப் பையன்களே நிறையப் பேர் அதை வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். உங்கள் ஃபேர்வெல் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு, மைதானத்தில் ஷாமியானாவுக்குக் கீழே, மதியம் பிரியாணியோடு முடியும். மாசி வெயிலில் சாட்டின் காலரோடு நின்றால் போட்டோவில் நீங்கள் விருந்தாளியாகத் தெரிய மாட்டீர்கள், கேட்டரிங் ஆளாகத் தெரிவீர்கள்.

கோட்டுக்கு முதலில் சொந்தக்காரர் வீட்டு பீரோவைப் பாருங்கள். இப்போது ரிசப்ஷனுக்குக் கோட் போடாத மாப்பிள்ளை நம்ம பக்கம் குறைவு. அண்ணன், மாமா, சித்தப்பா என்று யாராவது ஒருத்தர் வீட்டில் அந்துருண்டை வாசத்தோடு ஒன்று தொங்கும். ஒரு சைஸ் பெரிது என்றால் டெய்லர் சமாளிப்பார்: சைடு தையலைப் பிடித்து இடுப்பைக் குறைக்கலாம், கை நீளத்தை ஒரு இஞ்ச் வரை ஏற்றலாம். மறுபடி பிரித்துவிடும்படி வெட்டாமல் பிடிக்கச் சொல்லுங்கள், கோட்டுக்காரருக்கும் திருப்பித் தர வேண்டுமே.

இரண்டு மூன்று சைஸ் பெரிது என்றால் விட்டுவிடுங்கள். போன தையில் ஒரு பையன் தாய்மாமா கோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். கோட் 42 இஞ்ச் மார்புக்குத் தைத்தது, பையன் மார்பு 36. அப்பா அதை அவனுக்குப் போட்டுவிட்டு, இரண்டு தோளையும் விரலால் கிள்ளிப் பிடித்துக் கண்ணாடியில் காட்டினார். "இங்க பிடிச்சா கழுத்து தூக்கும் கண்ணு, கழுத்தை இறக்கினா கை முறுக்கும். இதை மாமாகிட்டயே குடுத்துடு." பையனுக்கு முகம் தொங்கிப் போச்சு. அப்புறம் பேன்ட் துணியிலேயே முக்கால் மீட்டர் கூட எடுத்து ஒரு வெயிஸ்ட்கோட் தைத்துக் கொடுத்தார்.

என்னைக் கேட்டால் உங்களுக்கும் அதுதான் சரி. வெயிஸ்ட்கோட்டுக்குக் கை இல்லை, தோள் பேடும் இல்லை. பின்பக்கம் லைனிங் துணியும் இழுத்துக் கட்டும் பட்டியும் இருப்பதால் உடம்பு கொஞ்சம் கூடினாலும் ஒத்துப்போகும். வெயிலுக்கும் தாங்கும். 58 இஞ்ச் அகலத் துணியில் பேன்ட்டுக்கு ஒன்றேகால் மீட்டர், வெயிஸ்ட்கோட்டுக்கு முக்கால், மொத்தம் இரண்டு மீட்டரில் வேலை முடிந்தது. முழு சூட்டுக்கு மூன்றேகால் மீட்டர் ஆகும், அதோடு கோட் தையற்கூலி தனி. அந்தக் கூலி ஒன்றே உங்கள் 4,000-ஐப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

வாடகைக்குப் போனால் ஒரு சிக்கல். அங்கே வைத்திருப்பதெல்லாம் கல்யாண மாப்பிள்ளைக்கு, அதாவது இருபத்தெட்டு, முப்பது வயசு உடம்புக்கு. 36, 38 சைஸ் ஒன்றிரண்டுதான் இருக்கும், அதுவும் முகூர்த்த நாளில் வெளியே போயிருக்கும். உங்கள் விழா தேதி முகூர்த்தத்தில் விழுகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எடுக்கும்போது காலரின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், மாப்பிள்ளை மேக்கப் அங்கேதான் அப்பியிருக்கும். அக்குளில் லைனிங் கிழிசல் இருக்கிறதா, முன் பட்டன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா, முகர்ந்தால் என்ன வாசம் வருகிறது, எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மணிக்குத் திருப்பித் தரணும் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கோட் யாருடையதாக இருந்தாலும் பொருத்தம் பார்ப்பது இப்படித்தான். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் சாயுங்கள். கைக்கு முன்னால் பேடு சுவரில் இடித்தால் கோட் பெரிது. பட்டன் போட்டதும் வயிற்றில் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் விழுந்தால் சின்னது. பின்கழுத்தில் கோட் காலர் சட்டைக் காலரை விட்டு விலகி நிற்கக் கூடாது. இதை அப்பாவோ நண்பனோ பின்னால் நின்று பார்த்துச் சொல்லணும், கண்ணாடியில் தெரியாது. சட்டைக் கை கோட்டுக்கு வெளியே அரை இஞ்ச் தெரியட்டும். இரண்டு பட்டன் கோட் என்றால் மேல் பட்டன் மட்டும் போடுங்கள், உட்காரும்போது அதையும் கழற்றிவிடுங்கள். வெயிஸ்ட்கோட்டிலும் கடைசிப் பட்டன் திறந்தே இருக்கும். புதுக் கோட்டாக இருந்தால் பின்னால் திறப்பில் பெருக்கல் குறியாகப் போட்டிருக்கும் நூலையும், கையில் தைத்திருக்கும் கம்பெனி பட்டையையும் பிரித்துவிட வேண்டும். ரிசப்ஷன் மேடைகளில் அந்தப் பட்டையோடே நிற்கிற மாப்பிள்ளைகளைப் பார்த்து அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

துணிக்கு பெங்களூரு சிக்பேட்டை வரை போக வேண்டியதில்லை. தருமபுரி சின்னசாமி நாயுடு தெருவிலேயே பேன்ட் பிட் கிடைக்கும். யாராவது பர்கூர் பக்கம் போனால் அங்கே ஜவுளிக் கடைகளில் விசாரிக்கச் சொல்லலாம். பாலியஸ்டர், விஸ்கோஸ் கலந்த டி.ஆர். துணி போதும், மடிப்பு நிற்கும், வீட்டிலேயே துவைக்கலாம். கடையில் எடுக்கும்போது துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ட்யூப் லைட்டில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரியும். கையில் கசக்கி விட்டால் பளபளவென்று மின்னுகிற துணி வேண்டாம், ஃபிளாஷ் அடித்தால் அது மட்டும்தான் படத்தில் விழும்.

நிறம் கருநீலம் அல்லது கரும்சாம்பல். பகலில் கறுப்பு தூசியை அப்படியே காட்டும், மைதானத்து மண்ணில் கேட்கவே வேண்டாம். சட்டை வெள்ளை அல்லது வெளிர் நீலம், முழுக்கை. "உன் கலருக்கு இது எடுக்காது தம்பி" என்று விற்பவர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவருக்கு வேறு எந்தத் துணியோ தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கருநீலமும் வெள்ளையும் எடுத்துக்காட்டுகிற மாதிரி வேறெதுவும் காட்டாது.

டெய்லரிடம் போகும்போது ஷூ போட்டுக்கொண்டு போங்கள். செருப்போடு நின்று அளவு கொடுத்தால் பேன்ட் நீளம் தப்பும். அளவெடுக்கும்போது வயிற்றை எக்காதீர்கள், எக்காத பையனை நான் இன்னும் பார்க்கவில்லை. சட்டைக் காலர் பட்டன் போட்டபின் இரண்டு விரல் நுழைய வேண்டும், டை கட்டப் போகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கீழ் மடிப்பில் இரண்டு இஞ்ச் துணி விடச் சொல்லுங்கள். சட்டை பேன்ட் இரண்டுக்கும் ட்ரையல் கேளுங்கள். சில கடைகளில் சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

தேதிதான் முக்கியம். பொங்கலுக்கு முந்தின இரண்டு வாரம் எந்தத் தையற்கடையிலும் புது ஆர்டரைக் கவனமாகப் பார்க்க மாட்டார்கள். தை பிறந்து கொஞ்ச நாளில் கல்யாண ஆர்டர் குவிய ஆரம்பிக்கும். நடுவில் காணும் பொங்கல் முடிந்த கையோடு ஒரு வாரம் மேஜை கொஞ்சம் காலியாக இருக்கும். அந்த வாரம் துணியைக் கொடுத்துவிடுங்கள். பிராக்டிகல் எக்ஸாம் நெருங்கினபின் உங்களுக்கும் அலைய நேரம் இருக்காது.

டை யூனிஃபார்மில் வரும் எலாஸ்டிக் டையாக இருக்கக் கூடாது. சாதா டை வாங்கி நீங்களே கட்டுங்கள். அகலமான முனையைக் குறுகிய முனையை விட ஒரு அடி நீளமாகத் தொங்கவிட்டு, அதன் மேல் குறுக்கே போட்டு, பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் கொண்டுவந்து, கழுத்துப் பக்கமாக உள்ளிருந்து மேலே எடுத்து, முன்னால் உண்டான வளையத்துக்குள் இறக்கி இழுத்தால் முடிச்சு. முனை பெல்ட் பக்கிளைத் தொட்டால் நீளம் சரி.

ஷூவுக்குப் பணம் போடாதீர்கள். லேஸ் வைத்த கறுப்பு ஸ்கூல் ஷூ நல்ல நிலையில் இருந்தால் செர்ரி பிளாசம் போட்டு முந்தின ராத்திரி தேய்த்து வையுங்கள், போதும். சாக்ஸ் மட்டும் மாற்ற வேண்டும், வெள்ளை வேண்டாம். பேன்ட் நிறத்தில், கணுக்காலுக்கு மேலே ஏறுகிற மாதிரி. முன்வரிசையில் உட்காரும்போது அதுதான் தெரியும். பள்ளி முத்திரை போட்ட பெல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு, சாதா கறுப்பு பெல்ட் போடுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் கோட் கொண்டுவருவதாக இருந்தால் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், கூட்டத்தில் கசங்கிவிடும். ஒரு தோளை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, மறு தோளை அதற்குள் செருகி, நீளவாக்கில் மடித்து, பாதியாக மடக்கி ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். லைனிங் வெளியே இருப்பதால் மேல்துணியில் அழுக்கு படாது. இறங்கி உதறினால் சரியாகிவிடும். அப்படியும் சுருக்கம் இருந்தால் ஈரத் துணியை மேலே போட்டுத்தான் அயர்ன் பண்ண வேண்டும். நேராகப் பெட்டி வைத்தால் அந்த இடம் மட்டும் மினுமினுக்கும், அதைப் போக்குவது கஷ்டம்.

மார்பளவையும், நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையைத் தரையில் விரித்துத் தோள் தையலுக்குத் தோள் தையல் எடுத்த அளவையும் கீழே எழுதுங்கள். வாடகைக் கடையில் எந்த சைஸ் கேட்பது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.