இசை மேடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் பியானோ வாசிப்பதைப் பற்றி நான்கைந்து வரிகளில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மெம்பிஸ் ஸ்லிம் என்ற பாடகரும் பியானோக் கலைஞருமான ஒருவரைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழை அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணிலிருந்து எடுத்த பழைய இசைத்தட்டில், கவுண்ட் பேசி என்பவரின் ஜாஸ் குழுவுடன் ஜோ வில்லியம்ஸ் பாடிய ‘எவ்ரி டே ஐ ஹேவ் த ப்ளூஸ்’ என்ற பாட்டை எழுதியவர் பீட்டர் சாட்மன் என்று அச்சிட்டிருக்கிறார்கள். தாங்களோ அதை மெம்பிஸ் ஸ்லிம்மின் பாட்டு என்று எழுதினீர்கள். எது சரி?
– வாசகர், பெரம்பூர்

பதில்: இரண்டும் சரியே. 1915 செப்டம்பர் 3 அன்று டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் பிறந்த இவருக்கு ஜான் லென் சாட்மன் என்று பெயர். பீட்டர் சாட்மன் என்பது அவருடைய தந்தையின் பெயர். தந்தையும் பியானோவும் கிதாரும் வாசித்துப் பாடியவர். குடியும் ஆட்டமும் பாட்டும் நடக்கும் சிறு விடுதிகளை நடத்தியவர். 1940இல் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக முதன்முதலில் பாடிப் பதிவு செய்தபோது மகன் தந்தையின் பெயரையே இட்டுக்கொண்டார். அதே ஆண்டு ப்ளூபேர்ட் நிறுவனத்துக்குப் போனபோது, அங்கே தயாரிப்பாளராக இருந்த லெஸ்டர் மெல்ரோஸ் வைத்த பெயர்தான் மெம்பிஸ் ஸ்லிம். அதன் பிறகு மேடையிலும் தட்டிலும் அந்தப் பெயர் நின்றுவிட்டாலும், தாம் எழுதும் பாட்டுகளின் உரிமையை அவர் பீட்டர் சாட்மன் என்றே பதிவு செய்துவந்தார். நாம் தந்தையின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். அவர் முழுப் பெயரையும் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

தங்கள் இசைத்தட்டிலுள்ள பாட்டின் கதையும் பெயர் மாறிய கதையே. 1947இல் அவர் பதிவு செய்து 1949இல் வெளியானபோது அதன் தலைப்பு ‘நோபடி லவ்ஸ் மீ’. லோவெல் ஃபுல்சன் என்ற ப்ளூஸ் பாடகர் அதைத் தம் பாணியில் பாடி, இன்று நாம் அறிந்திருக்கும் தலைப்பில் வெளியிட்டு 1950இல் வெற்றி கண்டார். 1955இல் கவுண்ட் பேசி குழுவும், அதே ஆண்டில் பி.பி. கிங்கும் பாடிய பிறகு அது ஊரறிந்த பாட்டாயிற்று. ஆனால் அந்தத் தலைப்பும் பாட்டின் தொடக்க அடியும், ஸ்பார்க்ஸ் சகோதரர்கள் என்ற இரட்டையர் 1935இலேயே பதிவு செய்த பாட்டில் இருக்கின்றன. இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஓர் அடி ஊருக்கு ஊர் போய் வேறு வேறு பாட்டுக்குள் உட்கார்ந்துகொள்வதைப் போலத்தான் ப்ளூஸ் அடிகளும் வாய்வழியாக உலாவின. அந்த அடிக்குப் பின்னால் வருவதை ஸ்லிம் தாமே எழுதினார். உரிமைப் பதிவேட்டில் பெயர் சேர்த்தவரும் அவரே.

கேள்வி: நான் கீபோர்டு கற்கும் மாணவி. ப்ளூஸ் என்றால் ஸ்வரங்களை வளைத்துப் பாடுவது என்கிறார்கள். பியானோவில் ஸ்வரத்தை வளைக்கவே முடியாதே? ஸ்லிம் என்ன செய்தார்?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: மிக நல்ல கேள்வி. ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் அதில் பேசாது என்ற காரணமும் சேர்ந்துதான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து முப்பது ஆண்டுகள் விலக்கி வைத்திருந்தது. பியானோவுக்கும் அதே குறை உண்டு. ப்ளூஸ் பாடகர் பிடிக்கும் காந்தாரம், நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கோ அசைந்துகொண்டிருப்பது. பியானோவிலோ இரண்டுக்கும் தனித்தனிக் கட்டைகள், நடுவில் ஒன்றும் இல்லை. ஆகவே ப்ளூஸ் பியானோக் கலைஞர்கள் இரண்டு கட்டைகளையும் சேர்த்து அடிப்பார்கள், அல்லது கறுப்புக் கட்டையில் வைத்த விரலைப் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்கவிடுவார்கள். கண நேர உரசல்தான். ஆனால் கேட்கும் காது நடுவிலுள்ள ஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. தங்கள் கீபோர்டில் ஸி சுருதியில் இதை இன்றே செய்து பார்க்கலாம்.

இதைக் காட்டிலும் முக்கியம் இடது கை. பூகி-வூகி என்ற பாணியில் இடது கை ஒரே அளவான நடையில் ஓயாமல் உருண்டுகொண்டிருக்க, வலது கை பாடகருக்குப் பதில் சொல்லும். நான்கு அட்சரம் கொண்ட அளவை ‘பார்’ என்பார்கள்; பன்னிரண்டு பார் கொண்ட ஒரு ப்ளூஸ் சுற்றை நம் கணக்கில் சொன்னால் நாற்பத்தெட்டு அட்சரம், அதாவது ஆறு ஆதி தாள ஆவர்த்தனம். முதல் அடிக்கு இரண்டு ஆவர்த்தனம், அதையே மீண்டும் பாட இரண்டு, முடிக்கும் அடிக்கு இரண்டு. ஒவ்வோர் அடியிலும் ஏறக்குறையப் பாதி இடம்தான் பாட்டுக்கு. மீதி இடத்தில் வாத்தியம் பேச வேண்டும். தாமே பாடித் தாமே வாசித்த ஸ்லிம்முக்கு அந்த மீதி இடம் பக்கவாத்தியம் அல்ல, பாட்டின் மறுபாதி.

தொடக்கத்தில் அவர் ரூஸ்வெல்ட் சைக்ஸ் என்ற பியானோக் கலைஞரின் வாசிப்பை அப்படியே பின்பற்றியவர். 1939இல் சிகாகோவுக்கு வந்து பிக் பில் ப்ரூன்சி என்ற ப்ளூஸ் பாடகருடன் சேர்ந்து வாசித்தபோது, உனக்கென்று ஒரு வழியைத் தேடிக்கொள் என்று ப்ரூன்சிதான் சொன்னார். பிறகு அமைத்த குழுவில் கிதாரை ஒதுக்கிச் சாக்ஸபோன்களைச் சேர்த்தார். 1952இல்தான் மாட் மர்ஃபி என்ற கிதார் கலைஞர் உள்ளே வந்தார்.

கேள்வி: அமெரிக்காவில் இவ்வளவு பேர் எடுத்தவர் பாரிசில் குடியேறியது ஏன்?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: 1960இல் வில்லி டிக்சன் என்ற ப்ளூஸ் கலைஞருடன் ஐரோப்பாவுக்குச் சென்றபோது அங்கே அவர் அரங்குகளில் அமர்ந்து கேட்கும் கூட்டத்தைக் கண்டார். 1962இல் பாரிசிலேயே தங்கிவிட்டார். பிரெஞ்சு அரசு 1986இல் கலை இலக்கிய விருதில் கமாண்டர் தகுதி அளித்தது. 1988 பிப்ரவரி 24 அன்று பாரிசில் மறைந்தவரை மெம்பிஸில் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: ஸ்லிம் ‘லெராய்’ என்ற பெயரிலும் ஒரு தட்டில் இருக்கிறார் என்று நண்பர் சொல்கிறார். அதுவும் பாட்டு உரிமைக்காகவா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: இல்லை. அந்தப் பெயருக்குக் காரணம் அச்சம். 1947இல் நியூயார்க்கில் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்புற இசை ஆய்வாளர், ஸ்லிம், ப்ரூன்சி, ஹார்மோனிகாக் கலைஞர் சன்னி பாய் வில்லியம்சன் மூவரையும் ஒலிவாங்கியின் முன் உட்காரவைத்து, ப்ளூஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பேச்சு இசையைத் தாண்டிப் போயிற்று. ஆற்றங்கரை அணைக்கட்டு முகாம்களிலும் சிறைப் பண்ணைகளிலும் கறுப்பின மக்கள் பட்ட பாட்டை, கோவேறு கழுதை செத்தால் இன்னொன்றை விலை கொடுத்து வாங்க வேண்டும், ஆள் செத்தால் இன்னொருவனைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த நிலையை, இடையிடையே சிரித்துக்கொண்டே அவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்றும் தாங்க முடியாததாக இருக்கிறது.

பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டியபோது மூவரும் கலங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அவர்களுடைய உறவினர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பேசியவர் யார் என்று தெரிந்தால் பழி அந்த உறவினர்கள் மேல் விழும். எனவே 1959இல் அது ஒருவழியாக இசைத்தட்டாக வந்தபோது ப்ரூன்சி ‘நாட்செஸ்’ ஆகவும், வில்லியம்சன் ‘ஸிப்’ ஆகவும், ஸ்லிம் ‘லெராய்’ ஆகவும் மறைக்கப்பட்டிருந்தார்கள். அதற்குள் வில்லியம்சனும் ப்ரூன்சியும் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சியிருந்த ஒருவரும் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1990இல் வெளிவந்த பதிப்பில்தான் மெம்பிஸ் ஸ்லிம் என்ற பெயர் அதன் உறையில் ஏறியது.