குளிர்பதனக் கொள்கலனில் இறாலும் வாழைக்காயும்

கேள்வி: உறைந்த இறால் செல்லும் குளிர்பதனக் கொள்கலனிலேயே வாழைக்காயையும் சேர்த்துக் கப்பலில் அனுப்பலாமா? — வாசகர், தூத்துக்குடி

பதில்: கூடவே கூடாது. உறைந்த இறாலுக்கு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதனினும் குறைந்த வெப்பநிலை தேவை. வாழைக்காயோ ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே சென்றால் தோல் கறுத்து, பின்னர் சரியாகப் பழுக்காது. மேலும், அறுவடைக்குப் பின்னும் சுவாசிக்கும் காய் வெளியிடும் வாயுக்கள் அகலும்படி காற்றுத்துளையைத் திறந்து வைக்க வேண்டும். உறைந்த சரக்குக்கு அதை மூடியே வைக்க வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. கொள்கலனின் இயந்திரம் சரக்கின் குளிரைக் காப்பதற்காக அமைந்ததே தவிர, உறையாத இறாலை விரைந்து உறையவைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே இறாலைப் பதப்படுத்தும் ஆலையிலேயே முழுமையாக உறையவைத்து, தரையிலிருந்து எழும் குளிர்காற்று மேலே சுழன்று திரும்புவதற்கு இடம்விட்டு, உட்சுவரில் குறித்துள்ள கோட்டுக்கு மேற்படாமல் அடுக்குவது மிக அவசியம்.