மூன்று வயதுப் பிள்ளைக்குத் தமிழ்ப் படப் புத்தகம் வாசித்துக் காட்டும்போது, அச்சில் உள்ளபடியே வாசிப்பதா, பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்வதா?

“‘சென்றுகொண்டிருந்தது’ என்று வாசித்தால் பையன் எழுந்து போய்விடுகிறான்” என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். இப்போது மகளுக்கு நாலரை வயது, எங்கள் வீட்டில் இரண்டு விதமும் நடக்கிறது. எப்படி அந்த இடத்துக்கு வந்தோம் என்று சொல்கிறேன்.

அவளுக்கு இரண்டரை வயதிருக்கும்போது மதுரைப் புத்தகத் திருவிழாவில் ஒரு படப் புத்தகம் வாங்கினேன். ஆட்டுக்குட்டி ஒன்று வழி தவறிச் சந்தைக்குள் புகுந்துவிடும். அவ்வளவுதான் கதை. பதினாறே பக்கம். அன்று இரவே மடியில் உட்கார வைத்து வாசித்தேன், கிட்டத்தட்ட ஆகாசவாணி செய்தி மாதிரி. அவள் பக்கத்தைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் அதே புத்தகம் என் அம்மா கையில் இருந்தது. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். பஸ் போர்டு படிப்பார், வரி வரியாகப் படிக்கப் பொறுமை கிடையாது. எழுத்துப் பக்கமே போகாமல் படத்தில் விரலை வைத்து ஆரம்பித்தார்: “இந்தக் குட்டிக்கு வாய் சும்மா இருக்காது பாத்துக்க. கீரைக்காரம்மா அங்கிட்டுத் திரும்புன நேரம் பாத்து கட்டுல வாய வச்சிருச்சு. அந்தம்மா வெளக்கமாத்த எடுத்துச்சு பாரு…”

கீரைக்காரம்மாவைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூட இல்லை. படத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். நான் கவனிக்கவே இல்லை. பிள்ளை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த பக்கத்தில் அந்த விளக்குமாறு எங்கே என்று அவளே தேடினாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. படப் புத்தகத்தில் பாதிக் கதை எழுத்தில் இருக்காது. இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம், பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோஸீஸ் வாக்’. ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். படத்தில் கோழிக்குப் பின்னால் ஒரு நரி பாய்ந்து பாய்ந்து, குளத்தில் விழுந்து, மாவில் முங்கி, கடைசியில் தேனீக்களிடம் மாட்டிக்கொண்டு ஓடுகிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது. எழுத்தை மட்டும் வாசிப்பவருக்கு இது ஒரு கோழி வாக்கிங் போன கதை. நான் முதல் நாள் செய்தது அதுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் பத்துப் பதினைந்து தடவை பேச்சில் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். நான் வினைச்சொற்களை மட்டும்தான் மாற்றினேன். ‘வந்துகொண்டிருந்தது’ எங்கள் வீட்டில் ‘வந்துக்கிட்டு இருந்துச்சு’ ஆனது. திரும்பத் திரும்ப வரும் வரிகளைத் தொடவில்லை. ஆட்டுக்குட்டி புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் “அம்மா எங்கே? காணவில்லையே!” என்று வரும். அதை அச்சில் உள்ளபடியே ராகம் போட்டுச் சொன்னேன். ஒரு வாரத்தில் நான் பக்கத்தைத் திருப்பும் முன்பே அவள் “காணவில்லையே!” என்று கத்த ஆரம்பித்தாள். வீட்டில் யாரும் ‘காணவில்லை’ என்று பேசுவதில்லை, ‘காணோம்’தான். ஆனாலும் பிள்ளைக்கு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது, அதில் தாளம் இருந்ததால்.

மூன்றரை வயதில் அவளுக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது. படுக்கும் முன் புத்தகத்தைக் கொண்டுவந்து கேட்பாள்: “அப்பத்தா கதையா, புத்தகக் கதையா?” புத்தகக் கதை என்றால் நான் ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் ‘நுழைந்தது’ என்பதை ‘நுழைஞ்சுச்சு’ என்று சொல்லிவிட்டால் அடி விழும். அப்புறம் ஒரு நாள் சோறு ஊட்டும்போது ஜன்னலைப் பார்த்து, “பூனை சென்றுவிட்டது” என்றாள். மனைவி சிரித்துவிட்டாள். பிள்ளைக்கு முகம் சுருங்கிப்போய், இரண்டு வாரம் புத்தகத் தமிழ் பேசவே இல்லை. தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

பேச்சுத் தமிழிலேயே அச்சடித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று நானும் யோசித்ததுண்டு. ஆனால் யாருடைய பேச்சு? எங்கள் ஊர் ‘போயிருச்சு’ சென்னையில் ‘போயிடுச்சு’. நாகர்கோவிலுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனால் அதுவும் மாறும். எழுத்தை அப்படியே விட்டு, வாசிப்பவர் தன் ஊர்ப் பேச்சில் மாற்றிக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான். கடையிலேயே நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பேன். (பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.) மூச்சு வாங்கினால் வேண்டாம். ஆங்கிலத்தில் எதுகையோடு எழுதியதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த புத்தகம் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்ளும். இன்னொரு எரிச்சல், இடம் போதவில்லை என்று நீளமான சொல்லைப் பாதியில் வெட்டி அடுத்த வரியில் போடுவது. ‘ஓடிக்கொண்’ என்று ஒரு வரி முடிந்து, ‘டிருந்தது’ என்று அடுத்த வரி தொடங்கினால், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

எங்கே தேடுவது என்றால், சென்னையில் தூலிகா 1996 முதல் படப் புத்தகம் போடுகிறார்கள். தமிழ் மட்டும் உள்ளதும் கிடைக்கும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்ததும் கிடைக்கும். நான் தமிழ் மட்டும் உள்ளதையே எடுப்பேன். இரண்டும் இருந்தால் என் கண் தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது, வெட்கக்கேடுதான். விலை குறைவாக வேண்டுமென்றால் நேஷனல் புக் டிரஸ்ட். காசே செலவழிக்காமல் பார்க்க, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். தமிழிலும் நிறைய இருக்கிறது, நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பையனுக்கு முதல் நிலை போதும். ஆனால் போனில் காட்டாதீர்கள், விரல் அடுத்த நிமிடம் யூடியூபுக்குப் போய்விடும். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து நூலால் தைத்துக் கொடுத்தேன். அவளே வண்ணம் அடித்துக்கொண்டாள்.

மதுரையில் இருப்பவர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய், எந்தப் புத்தகத்தை அவன் மறுபடி மறுபடி எடுக்கிறான் என்று பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். “பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு விலையா” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். என் மாமனாரும் கேட்டார். எத்தனை தடவை வாசித்தோம் என்று கணக்குப் போடச் சொன்னேன்.

அந்த ஆட்டுக்குட்டி புத்தகத்தில் ஸ்டேப்ளர் பின் கழன்று நடுத்தாள் தொலைந்துவிட்டது. புத்தகக் கதை சொல்லும்போது நான் அந்த இடத்தைத் தாவிவிடுவேன். அம்மா மட்டும் வெறும் பாயில் விரலை வைத்து, கீரைக்காரம்மா குட்டியைத் துரத்துவதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.